பப்பாசியா, குரக்கனா, இசப்கோலா? மலச்சிக்கலுக்கு எதை முதலில் மாற்றுவது

மலச்சிக்கல் என்று சொல்லி வருகிறவர்கள் மூன்று விதம். ஒருவருக்கு மலம் ஆட்டுப்புழுக்கைபோல உருண்டை உருண்டையாய்க் காய்ந்து, முக்கி முக்கித்தான் வரும். இன்னொருவருக்கு மலம் இளக்கமாகவே இருக்கும். ஆனால் வாசல்வரை வந்து நின்றுகொள்ளும், எழும்பி வந்த பிறகும் மிச்சம் கிடப்பதுபோல இருக்கும். மூன்றாமவருக்கு இரண்டு நாளைக்கு ஒருதரம் சுகமாய்ப் போகும். ஆனால் நாள்தோறும் போகவேணும் என்று சொல்லி வளர்த்துவிட்டார்கள், ஒருநாள் தவறினாலே பதறிப் போவார். இந்த மூன்றாமவருக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை. நாளுக்கு மூன்று தரத்திலிருந்து கிழமைக்கு மூன்று தரம் வரை, நோகாமல் முக்காமல் போனால் அது அந்த உடம்பின் வழக்கம்.

மற்ற இரண்டு பேருக்கும் ஒரே பப்பாசிப்பழத்தைச் சொல்லி அனுப்புவதில்தான் பிழை தொடங்குகிறது. புழுக்கையாய்ப் போகிறவருக்கு நாரும் தண்ணியும் வேலைசெய்யும். வாசலில் நிற்கிறவருக்கு எவ்வளவு நாரைக் கொட்டினாலும் உள்ளே சாமான் கூடுமே தவிர வழி திறக்காது. துரிசு (மதகு) இறுகிக் கிடக்கக் குளத்தில் தண்ணியைக் கூட்டி என்ன பயன்? ஆகவே கீழே சொல்லும் சாப்பாட்டு வழிகள் பெரும்பாலும் முதலாமவருக்கு. இரண்டாமவருக்கு வேண்டியது கடைசிப் பக்கம் வருகிறது. அவர் நேரே அங்கே போகலாம்.

ஒரு நாள் சாப்பாட்டில் எவ்வளவு குறைகிறது

வளர்ந்த ஒருவருக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார் வேணும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு சாதாரண வீட்டின் நாளை எடுத்துப் பார்ப்போம். காலையில் கால் றாத்தல் பாண்: 3 கிராம். அதோடு தேங்காய்ச் சம்பல், துருவின தேங்காய் 30 கிராம் அளவு என்றால் இன்னொரு 3 கிராம். (பாணுக்குக் கௌரவம் அதிகம், ஆனால் நார்க் கணக்கில் பாணும் சம்பலும் சரிசமம்.) மத்தியானம் வெள்ளைச் சோறு 300 கிராம்: 1 கிராம், அவ்வளவுதான். பருப்புக்கறி இரண்டு அகப்பை: 2 முதல் 3. ஒரு மரக்கறி: 2 முதல் 3. இரவு கோதுமை மாப் பிட்டு, மா 100 கிராம், தேங்காய்ப்பூவோடு சேர்த்து 5 முதல் 6. எல்லாம் கூட்டினால் 17 பக்கம் வரும். மீன்குழம்பு வைத்த நாளில் மரக்கறியை விட்டுவிட்டால் 15.

ஆக இடைவெளி 8 முதல் 10 கிராம். ஒப்பிட வேண்டியது இதைத்தான்: அந்த 8 கிராமை எதால் நிரப்பினால் காசும் கரைச்சலும் குறைவு, நாலு மாதம் கழித்தும் விடாமல் செய்யலாம்?

இரவுப் பிட்டில் 100 கிராம் கோதுமை மாவுக்குப் பதில் 100 கிராம் குரக்கன் மா போட்டால் 8 கிராம் கூடும். காய்ந்த பயறு 50 கிராம் அவித்துச் சாப்பிட்டாலும் 8. அதே நிறை கடலை 6, கௌபி 5. கொய்யாப்பழம் 150 கிராம், அதாவது பெரிதாய் ஒன்று அல்லது சின்னதாய் இரண்டு, 8 கிராம் தரும். பப்பாசி என்றால் அதே 8 கிராமுக்கு 450 கிராமுக்கு மேல் வேணும், அது ஒரு பெரிய பீங்கான் நிறைய. சின்னக் கதலிப்பழம் என்றால் ஐந்தாறு. சோற்றை வெள்ளையிலிருந்து தவிடு போகாத சிவப்புக்கு மாற்றினால் 3 முதல் 4 கிராம் கூடும், பாதி வழி.

இந்தக் கணக்கைப் பார்த்தால் பப்பாசி கடைசியில் நிற்கிறது. அது முழு நியாயம் இல்லை, பிறகு வருவோம்.

குரக்கன்

எங்கள் தெரிவில் முதலிடம் இதற்கு. காரணம் புதுமை ஒன்றுமில்லை: ஏற்கெனவே நாள்தோறும் செய்கிற பிட்டில் மாவை மட்டும் மாற்றுகிறோம். புதிதாக ஒன்றைச் சாப்பிடவேணும் என்று நினைவு வைத்திருக்கத் தேவையில்லை; நினைவு வைத்துச் செய்கிறவை எல்லாம் மூன்றாம் கிழமையில் நின்றுபோகும்.

ஆனால் குரக்கன் மலத்தைக் கட்டும் என்று சொல்லி விட்டவர்களும் வன்னியில் நிறைய. அவர்கள் சொல்வது பொய்யில்லை. பிழை எங்கே நடக்கிறது என்று அடுப்படியில் நின்று பார்க்கலாம். முதலாவது, மாவை மெல்லிய அரிதட்டில் அரித்து மேலே நிற்கும் கப்பியைக் கோழிக்குக் கொட்டுவது. தவிடு அதில்தான் இருக்கிறது. கோழிக்கு மலச்சிக்கல் இல்லை. மில்லில் அரைத்த மாவைக் கல், தூசி போகப் பெரிய கண் அரிதட்டில் ஒருதரம் அரித்தால் போதும். இரண்டாவது, பிட்டு உதிர்ந்து போகிறது என்று பாதிக்குப் பாதி கோதுமை மா கலப்பது. 8 கிராம் கூடவேண்டிய இடத்தில் 4 தான் கூடும். கோதுமை மாவுக்குப் பதில் வறுத்த சிவப்பரிசி மா மூன்றிலொரு பங்கு சேர்த்தால் பிட்டும் உதிராது, நாரும் பெரிதாய்க் குறையாது. மூன்றாவதுதான் பெரிய பிழை: நீத்துப்பெட்டியிலிருந்து கொட்டின பிட்டைச் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு வறட்டுக்குச் சாப்பிட்டுவிட்டு அரைக் கோப்பை தேத்தண்ணியோடு எழும்புவது. குரக்கன் தவிடு தண்ணியை இழுக்கும். மேலிருந்து தண்ணி வராவிட்டால் குடலில் இருக்கிறதை இழுத்து இறுகும். பிட்டுக்குச் சொதியோ கறியோ தளரத் தளர விடவேணும்; சாப்பாட்டோடும் அதற்குப் பிறகும் இரண்டு தம்ளர் தண்ணி, 400 மில்லிலீற்றர் அளவு.

மா குழைக்கிறபோது இளஞ்சூட்டுத் தண்ணியைக் கையால் தெளித்துத் தெளித்து, பிடித்தால் பிடிபட்டு விட்டால் உதிருகிற பதத்துக்குக் கொண்டுவந்து, சுண்டு விளிம்பால் கட்டியைக் கொத்தி, தேங்காய்ப்பூ கலந்து 10 முதல் 15 நிமிடம் அவித்தால் சரி. தண்ணி குறைந்த பிட்டு தொண்டையில் விக்குவது மட்டுமில்லை, மேலே சொன்ன கட்டுதலும் அதனால்தான். பல் இல்லாத கிழவருக்குப் பிட்டு வேண்டாம், கூழாய்க் காய்ச்சலாம்: இரண்டு மேசைக்கரண்டி மாவை ஒன்றரைத் தம்ளர் தண்ணியில் கரைத்துக் காய்ச்சினால் நாரும் தண்ணியும் ஒரே கோப்பையில் போகும். ஆனால் இரண்டு மேசைக்கரண்டி 20 கிராம் கூட வராது. அதில் 2 கிராம் நார்தான். கூழை மட்டும் நம்பக்கூடாது.

சிவப்பரிசியைப் பற்றி ஒரு சொல். மொட்டைக்கறுப்பன், ஆட்டக்காரி என்று பெயரைப் பார்த்து வாங்கினால் போதாது. மில்லில் நன்றாய்த் தீட்டின சிவப்பரிசி நிறத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு, தவிடு போய்விட்டது. கையில் எடுத்துப் பார்த்தால் மணியில் வெள்ளைக் கோடுகள் ஓடுமேயானால் அது அரைவாசி வெள்ளையரிசி. சொந்த நெல்லை மில்லுக்குக் கொண்டுபோகிறவர்கள் ஒருதரம் மட்டும் தீட்டச் சொல்லலாம். அந்த அரிசி கனநாள் வைத்தால் எண்ணெய் மணம் அடிக்கும், அதனால் இரண்டு மூன்று கிழமைக்கு வேண்டியதை மட்டும் தீட்டுவிப்பது நல்லது.

பயறு, கடலை, கௌபி

கணக்கில் குரக்கனுக்குச் சமம். வயல் அறுவடை முடிந்து பயறு விதைக்கிற வீடுகளில் காசும் இல்லை. ஆனால் இதற்கு வயிற்றில் காற்று என்ற விலை உண்டு. பயறின் நாரில் ஒரு பங்கு பெருங்குடலில் கிருமிகள் தின்று வாயுவாக்கும். ஏற்கெனவே வயிறு ஊதுகிறவருக்கும், வாசலில் நிற்கும் இரண்டாமவருக்கும் இது முதல் தெரிவாகாது. மற்றவர்கள் முதல் கிழமை 20 கிராம், அடுத்த கிழமை 35, பிறகு 50 என்று ஏற்றவேணும். இரவு ஊறவைத்து, ஊறின தண்ணியைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணியில் நன்றாய் மசிய அவித்தால் ஊதல் குறையும். அரைவேக்காட்டுக் கடலையை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டிருப்பது பின்னேரத்துக்கு நல்ல பொழுதுபோக்கு. மலச்சிக்கலுக்கு மசிய அவித்ததுதான். முல்லைத்தீவுக் கச்சானும் இந்தப் பக்கம்தான்: தோலோடு ஒரு கைப்பிடி, 50 கிராம், 4 கிராம் நார். கொழுப்பும் அதில் கூட, மேலதிகமாக வைத்துக்கொள்ளலாம், ஆதாரமாக அல்ல.

பழங்களுக்குள்

கொய்யாவும் பப்பாசியும்தான் உண்மையான போட்டி. நாரில் கொய்யா மூன்று மடங்கு. ஆனால் பப்பாசி கிட்டத்தட்ட 88 வீதம் தண்ணி. அதன் நார் இளகிக் கூழாகும் வகை. பல் இல்லாதவரும் மூலம் நோகிறவரும் சாப்பிடலாம். தண்ணி குடிக்கவே மனம் வராதவருக்கு ஒரு பீங்கான் பப்பாசி ஒரு தம்ளர் தண்ணிக்கும் சேர்த்துக் கணக்கு. அதனால் வயதானவருக்குப் பப்பாசி, பல் உள்ள வேலைகாரருக்குக் கொய்யா என்று பிரிப்பதே சரி. பப்பாசியின் பாலில் உள்ள நொதி மலத்தை இளக்கும் என்பது பரவலான பேச்சு. அது காயில்தான் அதிகம், பழுக்கப் பழுக்கக் குறைந்துவிடும். பழுத்த பப்பாசி வேலைசெய்வது தண்ணியாலும் நாராலும்.

கொய்யா விதை வயிற்றைக் கட்டும் என்ற பயம் பாதி சரி. செங்காயில் துவர்ப்பு அதிகம், அது கட்டத்தான் செய்யும்; பழுத்து மணக்கிறதைத் தோலோடு சாப்பிடவேணும். விதையால் வரும் கரைச்சல் அளவால் வருவது. மரத்தடியில் நின்று ஒரே இருப்பில் பத்துப் பழத்தை விழுங்கின பிள்ளைக்கு விதைகள் மலக்குடலில் திரண்டு அடைப்பதுண்டு, அது வைத்தியசாலைக் காரியம். நாளுக்கு ஒன்றிரண்டு என்றால் அந்தப் பயம் வேண்டாம்.

கர்ப்பிணிக்குப் பப்பாசி கொடுக்கலாமா என்பது பல வீடுகளில் மாமியாரோடு முடிகிற வழக்கு. நன்றாய்ப் பழுத்தது சாதாரண அளவில் தீங்கில்லை. காயும் செங்காயும்தான் தவிர்க்க வேண்டியவை. ஆனாலும் ஒரு பழத்துக்காக வீட்டில் சண்டை பிடிப்பதைவிடக் கொய்யாவுக்கு மாறுவது இலகு. நாரும் கூட.

வாழைப்பழத்தில் கதலியா இதரையா கப்பலா என்று கேட்பதைவிட எவ்வளவு பழுத்தது என்று கேட்பது நல்லது. பச்சை ஓடும் பழத்தில் குடல் செரிக்காத மாச்சத்து அதிகம், சிலருக்கு அது கட்டும். தோலில் கறுப்புப் புள்ளி விழுந்ததுதான் இந்த வேலைக்கு. அப்படியும் அது மென்மையான துணை, தனியே நின்று வேலைசெய்யாது. விளாம்பழமும் வில்வம்பழமும் இதே விதிதான்: மரபு வைத்தியத்தில் அவற்றின் காயை வயிற்றோட்டத்துக்குக் கொடுப்பார்கள், பழத்தை மலம் இளக. காய் பழம் மாறினால் பலனும் மாறும். கடையில் பிளம்ஸ் என்று நாங்கள் வாங்குவது முந்திரிகை வத்தல். மலச்சிக்கலுக்குப் பெயர்போன பிளம்ஸ் வேறு, பெரிய கறுத்த உலர்பழம், சோர்பிடோல் என்ற சீனி அதில் நிறைய இருப்பதால் தண்ணியைக் குடலுக்குள் இழுக்கும். நல்ல சாமான், ஆனால் இறக்குமதி விலை கொடுத்து நாள்தோறும் வாங்கச் சொல்ல மனம் வரவில்லை, வளவில் கொய்யா நிற்கும்போது.

இங்கே ஒரு தடை. வவுனியாவிலும் முல்லைத்தீவின் சில பகுதிகளிலும் சிறுநீரக நோயாளர் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாழைப்பழம், இளநீர், கீரை எல்லாவற்றிலும் உள்ள பொட்டாசியம் இரத்தத்தில் தங்கி இதயத்தைப் பாதிக்கும். இந்தக் கட்டுரையில் உள்ள எந்த அளவையும் அவர்கள் கிளினிக்கில் கேட்காமல் எடுக்கக்கூடாது. தமரத்தங்காயும் பிலிம்பிக்காய்ச் சாறும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு நஞ்சு.

கீரை

சுருக்கமாகவே சொல்லலாம். முருங்கையிலை வறையோ பொன்னாங்காணியோ வல்லாரைச் சம்பலோ ஒரு வேளைக்கு 2 முதல் 3 கிராம் தரும். நல்லது, ஆனால் இடைவெளியை அது மட்டும் மூடாது. மாரியில் வேலியெல்லாம் இலை. ஆடியில் சோளகம் அடிக்கும்போது முருங்கை தவிர வேறொன்றும் தளிர்க்காது. அதனால் கீரையை ஆதாரமாக வைத்துத் திட்டம் போட்டவர்கள் கோடையில் பழையபடி இறுகுவார்கள்.

தண்ணி: யாருக்கு வேலைசெய்யும், யாருக்குச் செய்யாது

தண்ணி குடி என்பது எல்லாரும் சொல்வது. ஏற்கெனவே போதிய அளவு குடிக்கிறவர் இன்னும் இரண்டு லீற்றர் குடித்தால் சிறுநீர்தான் கூடும், மலம் இளகாது. குறைவாய்க் குடிக்கிறவருக்கு அது பெரிய மருந்து. யார் எந்தப் பக்கம் என்பதைச் சிறுநீரின் நிறம் சொல்லும்: மத்தியானம் போகிறபோது வைக்கோல் நிறத்துக்கு மேல் கடுத்துத் தேத்தண்ணிச் சாயம் போல் இருந்தால் குறைவு.

வன்னியில் இந்தக் குறைவு சோம்பலால் வருவதில்லை. கச்சான் பிடுங்கும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். விடியப்புறம் ஒரு பிளேன்ரீயோடு தோட்டத்துக்கு. பத்து மணிவரை வெயில் சுள்ளென்று. கொண்டுபோன ஒரு போத்தல் தண்ணி நாலு பேருக்கு. பெண்கள் அதையும் குடிக்கமாட்டார்கள், குடித்தால் ஒதுங்க இடம் வேணும். தொழிற்சாலை வேலைக்குப் பஸ்ஸில் போகும் பிள்ளைகளும், பள்ளிக்கூடக் கக்கூசுக்குப் போகப் பயந்த சிறுமிகளும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். உடம்பு வியர்வைக்குக் கொடுத்த தண்ணியைப் பெருங்குடலில் மலத்திலிருந்து திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். புழுக்கை அப்படித்தான் உருவாகிறது.

அதற்குத் தீர்வு குடிக்கும் நேரத்தை முன்னால் தள்ளுவது. எழும்பின உடன் 300 மில்லிலீற்றர் இளஞ்சூடாக, காலைச் சாப்பாட்டோடு 300, வேலைத்தலத்தில் தனக்கென்று ஒரு ஒன்றரை லீற்றர் போத்தல், பின்னேரம் வீட்டில் 500, இரவுச் சாப்பாட்டோடு 300. கிட்டத்தட்ட மூன்று லீற்றர், வெயிலில் வேலைசெய்கிறவருக்கு இது அதிகமில்லை. வீட்டுக்குள் இருக்கிறவருக்கு இரண்டு போதும். ஒதுங்க வழியில்லாதவர்கள் வீட்டிலிருக்கும் நேரத்தில் கூடுதலாய்க் குடித்து, வேலைத்தலத்தில் மிடறு மிடறாய்க் குடிக்கலாம். தேத்தண்ணியும் இந்தக் கணக்கில் சேரும், அது உடம்பைக் காய்ச்சுவதில்லை, சீனிதான் பிரச்சினை. கோப்பி சிலருக்குக் குடலைத் தட்டி எழுப்பும், காலையில் ஒன்று நல்லதே.

கிணற்றுத் தண்ணியின் கடினம்தான் மலத்தை இறுக்குகிறது என்று சொல்கிறவர்களுக்கு: கடினம் நேரே கட்டுவதாகத் தெரியவில்லை. உவர்ப்பும் சவர்ப்பும் பிடிக்காமல் குடிக்கிற அளவைக் குறைப்பதுதான் கட்டுகிறது. வடிகட்டின தண்ணி வாங்கினால் கூடுதலாய்க் குடிப்பார் என்றால் வாங்குவது நியாயம். கொதிக்கவைத்து ஆறவிட்டு மல்லி போட்டுக் குடிப்பவர்களுக்கு அதுவே போதும்.

இசப்கோலும் கசகசாவும்

சாப்பாட்டை மாற்ற வீட்டில் வசதியில்லாதவருக்கு, கடையிலோ விடுதியிலோ சாப்பிடுகிறவருக்கு, இசப்கோல் உமிதான் (தண்ணியில் களியாகும் ஒரு விதையின் தோல்) முதல் தெரிவு. ஒரு தேக்கரண்டி குவித்து, 250 மில்லிலீற்றர் தண்ணியில் போட்டுக் கலக்கி, உடனே குடித்துவிடவேணும். நின்று பேசிக்கொண்டிருந்தால் களியாகிவிடும். உடனே பின்னால் இன்னொரு தம்ளர் வெறுந்தண்ணி. நாளுக்கு ஒருதரம் தொடங்கி ஒரு கிழமையில் இரண்டு தரமாக்கலாம். பலன் 12 மணித்தியாலத்திலிருந்து மூன்று நாளுக்குள் தெரியும், முதல் இரவே போகவில்லை என்று விட்டுவிடக்கூடாது. மற்றக் குளிசைகளுக்கும் இதற்கும் இரண்டு மணித்தியாலம் இடைவெளி வேணும். படுக்கப்போகும் வேளையில் குடிப்பதும், அரைத் தம்ளர் தண்ணியில் குடிப்பதும்தான் வழக்கமான பிழைகள். தொண்டையிலோ குடலிலோ களி கட்டிக்கொள்ளும். விழுங்கக் கஷ்டப்படுகிறவர், பக்கவாதம் வந்தவர் இதைத் தொடவேண்டாம்.

கசகசா, சர்பத்தில் போடுகிற அந்தக் கறுத்த விதை, இதன் சின்னத் தம்பி. ஒரு தேக்கரண்டி ஒரு தம்ளர் தண்ணியில் 15 நிமிடம் ஊறி முழுக்க வீங்கின பிறகு குடிக்கலாம். மெதுவாய் வேலைசெய்யும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

பேதி மருந்து

ஆமணக்கெண்ணெய் மாதத்துக்கு ஒருதரம் குடித்து வயிறு கழுவுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. ஒப்பீட்டில் இதைச் சேர்ப்பதே, ஏன் வேண்டாம் என்று சொல்லத்தான். பேதி முழுப் பெருங்குடலையும் காலியாக்கும். அது திரும்ப நிறைய இரண்டு மூன்று நாள் எடுக்கும். அந்த மூன்று நாளும் மலம் போகாது, போக ஒன்றுமில்லை. ஆனால் ஆள் "திரும்பவும் கட்டிப்போச்சு" என்று இன்னொரு கரண்டி குடிப்பார். வட்டம் இப்படித்தான் சுற்றுகிறது. வெயில் காலத்தில் தண்ணியும் உப்பும் கொட்டுப்பட்டு மயங்குவது, சிறுநீரகம் அடிபடுவது வேறு. கர்ப்பிணிகளுக்கு ஆமணக்கெண்ணெயும் கற்றாழையின் மஞ்சள் பாலும் கூடவே கூடாது, கருப்பையைச் சுருக்கும். நிலாவரை இலை அவசரத்துக்கு ஒருநாள் இரண்டு நாள் பரவாயில்லை. திரிபலா அதைவிட மெது, இரவு அரைத் தேக்கரண்டி இளஞ்சூட்டுத் தண்ணியில். இரண்டும் சாப்பாட்டு மாற்றத்துக்குப் பதில் இல்லை.

பிள்ளைகளும் கிளினிக் குளிசைகளும்

ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை நாளுக்கு நாலு போத்தல் மாப்பால் குடித்தால் சோற்றுக்குப் பசி வராது, மலம் கல்லாகும். கொய்யாவும் கீரையும் ஊட்டப் பாடுபடுவதற்கு முன் பாலை 500 மில்லிலீற்றருக்குள் கொண்டுவாருங்கள். பல பிள்ளைகளுக்கு வேறொன்றும் தேவைப்படாது. சவர்க்காரத் துண்டு வைப்பது மலக்குடலை எரிக்கும், பிள்ளை அந்தப் பயத்தில் இன்னும் அடக்கும்.

கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து, கல்சியக் குளிசைகள் இரண்டும் கட்டும். அதற்காகக் குளிசையைப் பின்வளவில் எறிய வேண்டாம். இரவுப் பிட்டைக் குரக்கனாக்கி, ஒரு கொய்யாவும் இரண்டு தம்ளர் தண்ணியும் கூட்டிப் பார்த்து, அதற்கும் சரிவராவிட்டால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் வேறு வழி செய்வார்கள். நோவுக்குக் கொடுக்கும் கோடீன், ட்ரமடோல் வகைக் குளிசைகளால் வரும் மலச்சிக்கலுக்கு நார் மட்டும் போதாது. அதைக் கொடுத்த வைத்தியரிடமே கேட்கவேணும்.

வாசலில் நிற்கிறவருக்கு

காலைச் சாப்பாடு வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் ஒருதரம் அசையும். நாளில் மிகப் பெரிய அசைவு அது. சாப்பிட்டு 20, 30 நிமிடத்தில் கக்கூசில் இருந்தால் பாதி வேலை தானாய் நடக்கும். பஸ் ஆறரைக்கு என்று அந்த நேரத்தை அடக்கி அடக்கி வைத்தால் சில மாதத்தில் மலக்குடல் கூப்பிடுவதையே நிறுத்திக்கொள்ளும். ஆகவே இவருக்கான மாற்றம் சாப்பாட்டில் இல்லை, அரை மணித்தியாலம் முன்னால் எழும்புவதில். குந்தியிருக்கிற கக்கூஸ் நல்லது. முழங்கால் நோவால் கொமட்டுக்கு மாறினவர் காலுக்குக் கீழே 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயரப் பலகை வைத்து, முழங்கால் இடுப்புக்கு மேல் வர, முன்னால் சாய்ந்து, மூச்சை அடக்காமல் வயிற்றைத் தளர்த்தி இருக்கவேணும். ஐந்து முதல் பத்து நிமிடம், வராவிட்டால் எழும்பிவிடுவது. கைபேசியை வெளியில் வைத்துவிட்டுப் போனால் இந்தப் பத்து நிமிடக் கணக்கு தப்பாது.

யுத்தத்தில் முள்ளந்தண்டு வடம் அடிபட்டவர்கள் தனி. அவர்களுக்குக் குடலின் நரம்பே பழுது. அயல்வீட்டார் சொன்னார் என்று நாரை இரட்டிப்பாக்கினால் அசையாத குடலில் சுமைதான் ஏறும். நேர ஒழுங்கும் மலம் எடுக்கும் முறையும் பயிற்றப்பட்ட தாதியோடு அமைத்துவிட்டு, அதற்கேற்றபடிதான் சாப்பாட்டை மாற்றவேணும்.

ஒன்றை எடுத்து, இரண்டு கிழமை

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் வயிறு ஊதும், எது வேலைசெய்தது என்றும் தெரியாது. பல் உள்ள, வேலைக்குப் போகிற, புழுக்கையாய்ப் போகிறவர்: முதல் கிழமை தண்ணி நேரங்கள் மட்டும், இரண்டாம் கிழமை இரவுப் பிட்டில் பாதி குரக்கன், மூன்றாம் கிழமை முழுக்க. முதியவர்: காலையில் பப்பாசி ஒரு பீங்கான், இரவு மசித்த பயறு இரண்டு மேசைக்கரண்டியில் தொடங்கி. நீரிழிவு உள்ளவர்: வாழைப்பழத்தையும் பனங்கட்டியையும் விட்டுக் கொய்யாவும் குரக்கனும், குரக்கனிலும் மாச்சத்து இருக்கிறது என்பதை மறக்காமல். சுவர்க் கலண்டரில் போன நாளுக்கு ஒரு கோடு, இளக்கமாய்ப் போனால் ஒரு வட்டம். முழு அளவுக்கு வந்து இரண்டு கிழமையில் வட்டங்கள் கூடவில்லை என்றால் அளவைக் கூட்டாமல் அடுத்த வழிக்கு மாறுங்கள்.

ஒரு கிழமையாய் ஒன்றும் போகாமல், அடிவயிற்றில் கட்டிபோலத் தட்டுப்பட்டால், அல்லது கட்டியைச் சுற்றி மெல்லியதாய்த் தண்ணிபோல் கசிந்து உள்ளாடை நனைந்தால் அது வயிற்றோட்டம் இல்லை, அடைப்பு. அந்த நேரம் நாரும் இசப்கோலும் தொடவே கூடாது, வைத்தியசாலையில் முதலில் அடைப்பை எடுக்கவேணும். வாந்தி, வயிறு உப்பல், காற்றும் பிரியாமல் நிற்பது என்றால் அதே நாள். ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாய்த் தொடங்கின மலச்சிக்கல், மலத்தோடு இரத்தம், காரணமில்லாமல் மெலிவது, தார்போல் கறுத்து ஒட்டுகிற மலம் இவற்றோடு வீட்டுப் பரிசோதனை செய்துகொண்டிருக்க வேண்டாம். இரும்புச்சத்துக் குளிசை எடுக்கிறவர்களுக்கு மலம் கறுப்பது வழக்கம், ஆனால் அது தாராய் ஒட்டாது, அந்த நாற்றமும் அடிக்காது.